கோவையில் ரெண்டு பெட்ரூம் வாடகை வீடு: டோக்கன் கொடுப்பதற்கு முன்

வீடு பார்க்கப் போகிறவர்கள் ஹால் பெரிதா, கிச்சனில் கப்போர்டு இருக்கிறதா, பால்கனி எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். குடிபோன பிறகு வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் வருவதெல்லாம் தண்ணீர், கரண்ட் பில், அட்வான்ஸ் ஆகிய மூன்றில்தான். மூன்றையுமே டோக்கன் கொடுப்பதற்கு முன்பு பேசி முடித்துவிடலாம். கொடுத்த பிறகு பேசினால் எடுபடாது. "அப்பவே கேட்டிருக்கலாமுங்களே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

சாய்பாபா காலனி, ஆர்.எஸ்.புரம், வடவள்ளி. பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீடு தேடும் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது இந்த மூன்றைத்தான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, உழவர் சந்தை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் வாடகை கூடுதல், காலி வீடும் குறைவு. மூன்றும் ஒரே மாதிரி என்று நினைக்க வேண்டாம். ஆர்.எஸ்.புரத்தில் டி.பி. ரோடு, டி.வி. சாமி ரோடு பக்கத்துப் பழைய அடுக்ககங்களில் அறைகள் விசாலமாக இருக்கும், சுவரும் கெட்டி. ஆனால் லிஃப்ட் இருக்காது, கார் நிறுத்த இடமும் இருக்காது. சாய்பாபா காலனியில் என்.எஸ்.ஆர். ரோட்டை ஒட்டிய வீட்டைவிட, அழகேசன் ரோடு, பாரதி பார்க் பக்கத்துக் குறுக்குத் தெருக்களில் உள்ள வீடு நிம்மதி. வாடகை ஆயிரம் கூடினாலும் அதையே எடுக்கலாம் என்பேன். பள்ளி விடும் நேரத்தில் மெயின் ரோட்டில் கேட்டைத் திறந்து வண்டியை வெளியே எடுப்பதே பெரும்பாடு. வடவள்ளியில் மலைக்காற்று உண்டு, அதே வாடகைக்குப் பெரிய வீடும் கிடைக்கும். ஆனால் டவுனுக்குள் வேலைக்குப் போகிறவர் தினமும் மருதமலை ரோட்டில் வந்து லாலி ரோடு சந்திப்பைக் கடந்தாக வேண்டும். தைப்பூசத்துக்கு அந்த ரோட்டில் நகர முடியாது. மலையடிவாரத்தை ஒட்டிய புது லே-அவுட்களில் யானை நடமாட்டம் நிஜமான விஷயம். நைட் ஷிஃப்ட் முடித்து டூவீலரில் திரும்புகிறவர் வீட்டில் இருந்தால் அந்தப் பக்கம் வேண்டாம்.

ஒரு வீட்டை ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு முடிவு செய்யக்கூடாது. வேலை நாளில் காலை எட்டரை மணிக்கு ஒரு தடவை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு தடவை அந்தத் தெருவில் நின்று பாருங்கள். மழை பெய்த மறுநாள் போக முடிந்தால் இன்னும் நல்லது. லங்கா கார்னர், சிவானந்தா காலனி ரயில்வே பாலங்களுக்கு அடியில் ஒரு பெருமழைக்கே தண்ணீர் நின்றுவிடும். பிள்ளையின் பள்ளி பாலத்துக்கு அந்தப் பக்கம் என்றால் ஐப்பசி, கார்த்திகையில் பள்ளி வேன் சுற்றித்தான் வரும்.

தண்ணீர்

கோவையில் எந்த வீட்டுக்கும் இரண்டு தண்ணீர். குடிக்க, சமைக்க கார்ப்பரேஷன் குழாயில் வரும் நல்ல தண்ணி. குளிக்க, துவைக்க போர்வெல்லிலிருந்து வரும் உப்புத் தண்ணி, அதாவது சப்பத் தண்ணி. நல்ல தண்ணி பொதுவாக மேற்குப் பகுதிகளுக்குச் சிறுவாணியிலிருந்தும், வடக்கு, கிழக்குப் பகுதிகளுக்குப் பில்லூரிலிருந்தும் வருகிறது. சிறுவாணியின் ருசிக்காகவே மேற்குப் பக்கம் வீடு தேடுகிறவர்கள் உண்டு. ஆனால் கோடையில் அணை மட்டம் இறங்கினால் தண்ணீர் விடும் இடைவெளி கூடும். அதனால் "தண்ணி வருதுங்களா?" என்று கேட்டுப் பயனில்லை, வருகிறது என்றுதான் சொல்வார்கள். "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா விடறாங்க? எத்தனை மணி நேரம்? சித்திரை மாசம் எப்படிங்க?" என்று கேளுங்கள். இதை வீட்டுக்காரரிடம் கேட்பதோடு நிற்காமல், பக்கத்து வீட்டு அக்காவிடமோ தெருமுனை மளிகைக்கடை அண்ணாவிடமோ கேட்டால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்க, சமைக்க, பாத்திரத்தை ஒரு தடவை அலச என்று ஆளுக்கு 10 லிட்டர் வைத்தால் நாளைக்கு 40 லிட்டர். ஐந்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வந்தால் 200 லிட்டர் பிடித்து வைக்க இடம் வேண்டும். வீட்டுக்கென்று தனியாக 500 லிட்டர் நல்ல தண்ணி டேங்க் இருந்தால் ஒரு முறை தவறினாலும் சமாளிக்கலாம். அப்பார்ட்மென்டில் கீழ்த்தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை வீட்டுக்கு என்று கேட்டு வகுத்துப் பாருங்கள். 10,000 லிட்டர் தொட்டியைப் பன்னிரண்டு வீடு பகிர்ந்தால் வீட்டுக்கு 830 லிட்டர் வரும், அது போதும். அதே அளவு தொட்டிக்கு முப்பது வீடு என்றால் லாரித் தண்ணீர் வாங்கும் நாட்கள் கட்டாயம் வரும். அந்தக் காசை யார் தருவது என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

போர் தண்ணீரின் தரத்தைப் பாத்ரூமுக்குள் நுழைந்ததும் கண்டுகொள்ளலாம். ஷவர் முகத்தைப் பாருங்கள். துளைகளைச் சுற்றி வெள்ளையாகப் படிந்து, பாதித் துளை அடைத்துப் போய், தண்ணீர் நாலா பக்கமும் சிதறினால் அது கடினத் தண்ணீர். குழாய்க்குக் கீழே டைல்ஸில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடு இறங்கியிருக்கும். சோப்பு நுரைக்காது, கீசர் காயில் சீக்கிரம் போகும், வாஷிங் மெஷின் இன்லெட் வடிகட்டி மாதாமாதம் அடைக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாயில் கிடைக்கும், ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு வீடு பார்க்கப் போவது நல்ல பழக்கம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. போர் தண்ணீர் 2,000-ஐத் தாண்டினால், குளிக்கக்கூட அந்த வீடு வேண்டாம். சமையலறையில் நல்ல தண்ணிக்குத் தனிக் குழாய் இருக்கிறதா என்பதையும் திறந்தே பாருங்கள். இரண்டு குழாய் இருக்கும், இரண்டிலும் ஒரே டேங்க் தண்ணீர் வரும் வீடுகளும் உண்டு.

கழிவுநீர் விஷயத்தில் ஒரே ஒரு கேள்வி போதும். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்கா? செப்டிக் டேங்க் என்றால் கடைசியாக எப்போது எடுத்தார்கள், அடுத்த லாரிக்கு யார் காசு தருவது?

கரண்ட்

இதில்தான் தெரியாமலே மாதாமாதம் பணம் போகிறது. வீட்டுக்குத் தனி இ.பி. சர்வீஸ் இருக்கிறதா, அல்லது வீட்டுக்காரருடைய இணைப்பிலிருந்து ஒரு சப்-மீட்டர் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். மின்வாரிய மீட்டர் பெட்டியில் சர்வீஸ் எண் எழுதியிருக்கும். கோவை மண்டலத்தில் அது 03 என்று தொடங்கும், ஈரோடு மண்டலத்தில் 04. அந்த எண்ணை மின்வாரியத்தின் இணைய சேவையில் போட்டால் பாக்கி எவ்வளவு, பழைய பில்கள் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

சப்-மீட்டரில் என்ன நஷ்டம்? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் யூனிட் கூடக் கூட விலையும் கூடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரு வீடு 300 யூனிட் எரித்தால், முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25 வீதம், மீதி 100-க்கு 4.50 வீதம், மொத்தம் 675 ரூபாய். இரண்டு வீடும் ஒரே இணைப்பில் ஆளுக்கு 300 எரித்தால் மொத்தம் 600 யூனிட். 500-ஐத் தாண்டியதும் அட்டவணையே மாறிவிடும். 101 முதல் 400 வரை முழுவதும் 4.50, அடுத்த 100-க்கு 6, அதற்கடுத்த 100-க்கு 8. ஆக 2,750 ரூபாய், ஆளுக்கு 1,375. அதே மின்சாரத்துக்கு இரண்டு மடங்கு. அதன் பிறகு கட்டணம் ஏறியிருக்கிறது, ஆனால் கணக்கு போகும் வழி இதுதான். இதற்கும் மேலே "யூனிட்டுக்குப் பத்து ரூபா கொடுத்துருங்க" என்று சொல்கிற வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். வாடகை ஐந்நூறு கூடினாலும் தனி சர்வீஸ் உள்ள வீடே லாபம்.

லோடையும் கேளுங்கள். 4 கிலோவாட் வரைதான் சிங்கிள் பேஸ். காலையில் 2 கிலோவாட் கீசர், இன்டக்ஷன் அடுப்பு, படுக்கையறையில் ஒரு ஒன்றரை டன் ஏசி மூன்றும் சேர்ந்து ஓடினால் 5 கிலோவாட்டைத் தாண்டும், மெயின் ட்ரிப் ஆகும். த்ரீ பேஸ் இருந்தாலும் கீசரும் ஏசியும் ஒரே பேஸில் மாட்டியிருந்தால் இதே கதிதான். ஏசி பாயின்ட்டுக்கு 16 ஆம்ப் சாக்கெட்டும் தனி எம்சிபியும் (லோடு மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) இருக்கிறதா, இன்வெர்ட்டர் வயரிங் எந்த அறை வரை போகிறது என்பதை எலக்ட்ரீஷியன் இல்லாமலே பார்த்துவிடலாம். குடிபோகும் நாளில் மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதால், நடுவில் குடிபோனால் முன்பிருந்தவர் எரித்ததும் உங்கள் தலையில் விழும்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியது

மேல் மாடி வீட்டில் மேற்குச் சுவர் படுக்கையறைக்கு வந்தால் மார்ச்சிலிருந்து மே வரை இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும். மொட்டை மாடியில் வெப்பம் தடுக்கும் வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தால் ஓரளவு தேவலை. பாத்ரூமுக்கு மறுபக்கச் சுவரில் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் பெயின்ட் உப்பி, தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தால் உள்ளே குழாய் கசிகிறது. புதுப் பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள். அந்த இடத்தை விரலால் தட்டினால் சத்தம் வேறாகக் கேட்கும். கப்போர்டைத் திறந்து முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாசம் மறையாது.

எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு ஃப்ளஷ் அழுத்துங்கள். இரண்டு நிமிடத்தில் பாத்ரூம் தரையில் தண்ணீர் தேங்கினால் வாட்டம் சரியில்லை, இதற்கு டைல்ஸை உடைக்காமல் தீர்வு கிடையாது. வாஷிங் மெஷினுக்கு இன்லெட், அவுட்லெட், சாக்கெட் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிறதா, ஜன்னலில் கொசுவலை உண்டா, செல்போன் சிக்னல் உள்ளறையில் கிடைக்கிறதா என்பதெல்லாம் சின்ன விஷயங்கள், அரை மணி நேரத்தில் முடியும். கார் பார்க்கிங் என்றால் இடத்தைக் கையால் காட்டச் சொல்லுங்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே எட்டடிதான் இருந்தால் கதவைத் திறந்து இறங்க முடியாது.

பேச்சு

வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகளில் இரண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "கவுச்சி சாப்பிடுவீங்களா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மறைத்துக் குடிபோய் ஒவ்வொரு ஞாயிறும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைப்பது வாழ்க்கை ஆகாது. "நீங்க என்ன ஆளுங்க?" என்று சுற்றி வளைத்துச் சாதி கேட்பவர்கள் இந்த நல்ல ஏரியாக்களிலும் இருக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. உங்கள் சாதி அவருக்குச் சம்மதமானதாகவே இருந்தாலும் அந்த வீட்டை விட்டுவிடுவதுதான் நல்லது. வாசலிலேயே அதைக் கேட்கிறவர், நாளை உங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளியையும் கேட்பார்.

பேரம் பேச நல்ல காலம் ஆடி. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிக்காக எல்லாரும் வீடு மாற்றுவதால் அப்போது பேரத்துக்கு இடமே இல்லை. ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால் காலியான வீடு அப்படியே நிற்கும். ஆடி இரண்டாம் வாரம் வீடு பார்த்து, ஆவணியில் குடிவருவதாகச் சொல்லி டோக்கன் கொடுத்தால் வாடகையில் ஆயிரம் குறையும். குறைக்காவிட்டால் கொசுவலையோ கீசரோ போட்டுத் தரச் சொல்லலாம். மார்கழியிலும் இதே நிலைதான். புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை என்பது வழக்கம். அக்ரிமென்ட் கையெழுத்தான பிறகுதான் தருவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அட்வான்ஸும் அக்ரிமென்டும்

வாடகை 18,000 என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், அதாவது 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர் வாடகைதாரர் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்கிறது. அப்படிப் பார்த்தால் 54,000. கோவையில் ஐந்து, ஆறு மாதம் கேட்பது சாதாரணம், பத்து மாதம் கேட்பவர்களும் உண்டு. இரண்டு பேரும் எழுதி ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்கச் சட்டத்திலேயே இடம் இருப்பதால், சட்டத்தைக் காட்டி மூன்றுக்குக் கொண்டுவருவது கஷ்டம். ஆறிலிருந்து நாலுக்கு இறக்கலாம். எவ்வளவு கொடுத்தாலும் பேங்க் வழியாகக் கொடுங்கள், டோக்கன் ஐயாயிரம் உட்பட.

அக்ரிமென்டை 11 மாதத்துக்குப் போடுவது, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் கட்டாயம் பதிய வேண்டும் என்பதால் வந்த வழக்கம். ஆனால் 2019-க்குப் பிறகு 11 மாத அக்ரிமென்டையும் எழுத்தில் போட்டு, வாடகை அதிகாரியிடம் இணையத்தில் பதிந்து, பதிவு எண் வாங்க வேண்டும். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் இரு தரப்பு ஆதார், போட்டோ, கையெழுத்தான அக்ரிமென்ட் ஆகியவற்றை ஏற்றினால் போதும். வீட்டுக்காரர்கள் பலர் "அதெல்லாம் எதுக்குங்க" என்பார்கள். பதிவு இல்லாமல் பின்னால் அட்வான்ஸ் தகராறு வந்தால் உங்கள் கை பலவீனமாகிவிடும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அச்சடித்த படிவத்தில் கையெழுத்து போடாமல், இந்த விஷயங்கள் எழுதியிருக்கின்றனவா என்று வரி வரியாகப் பாருங்கள். வாடகை உயர்வு எப்போது, எத்தனை சதவீதம்? ஐந்து சதவீதம் என்றால் 18,000 அடுத்த முறை 18,900, அதற்கடுத்து 19,845. "அப்போதைய நிலவரப்படி" என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு எண்ணைப் போடச் சொல்லுங்கள். மெயின்டனன்ஸ் வாடகையில் சேர்த்தியா, தனியா? லிஃப்ட் ரிப்பேர், மோட்டார் காயில் கட்டுவது போன்ற பெரிய செலவு வந்தால் உரிமையாளர் தருவாரா? காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ்? இரு தரப்புக்கும் அது ஒரே அளவுதானா? நீங்கள் இரண்டு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், அவர் ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லலாம் என்று எழுதிய படிவங்கள் புழக்கத்தில் உள்ளன.

பெயின்ட் விஷயம் தனி. காலி செய்யும்போது பெயின்டுக்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே பழகிப்போன ஒன்று. சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, வயரிங் பராமரிப்பு ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் ரிப்பேர், பூட்டு, கைப்பிடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஆனால் வேறுவிதமாக எழுதிக் கையெழுத்து போட்டுவிட்டால் எழுதியதுதான் நிற்கும். முழுக்க மறுக்க முடியாவிட்டால், மூன்று வருடத்துக்குள் காலி செய்தால் பாதி மாத வாடகை, அதற்கு மேல் இருந்தால் பிடித்தம் இல்லை என்று எழுதிவாங்குங்கள். மூன்று வருடத்தில் பெயின்ட் தானாகவே மங்கும், அதற்குக் குடியிருந்தவர் காசு தர வேண்டியதில்லை.

வேலைக்குப் போகிறவர் வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்பதானால், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது வீட்டுக்காரரின் பான் எண் தேவைப்படும். அதையும் அக்ரிமென்டிலேயே எழுதச் சொல்லிவிட்டால் பிறகு கேட்டு நிற்க வேண்டாம்.

வாடகை வேண்டாம், எட்டு லட்சம் போக்கியத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் நிதானியுங்கள். அந்தச் சொத்தின் பேரில் பேங்க் கடன் இருந்து தவணை நின்றால், ஜப்திக்கு வரும்போது பதியாத போக்கியப் பத்திரம் உங்களைக் காப்பாற்றாது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை நீங்களே பாருங்கள். அடமானம் இருந்தால் வேண்டாம். இல்லாவிட்டாலும் சார்பதிவாளரிடம் பதிந்து தந்தால் மட்டும் பணத்தை நீட்டுங்கள்.

குடிபோகும்போதும் காலி செய்யும்போதும்

சாவி வாங்கிய அன்று, சாமான் இறக்குவதற்கு முன், வீட்டுக்காரரையோ அவர் வீட்டு ஆளையோ கூட வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். ஃபேன் எத்தனை, டியூப்லைட் எத்தனை, கீசர் கம்பெனி என்ன, சாவி எத்தனை செட், எந்த டைல்ஸில் விரிசல் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து போடுங்கள். அட்வான்ஸில் பிடித்தம் செய்யப்படுவது பெரும்பாலும் குடிவரும் முன்பே இருந்த விரிசலுக்கும் உடைந்த தாழ்ப்பாளுக்கும்தான்.

காலி செய்வதாக நோட்டீஸ் கொடுப்பதை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் வாட்ஸப்பிலும் தேதியோடு அனுப்புங்கள். "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று கடைசி இரண்டு மாத வாடகையை நிறுத்துகிறவர்கள் பலர். வீட்டுக்காரர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் அதைச் செய்தால் வாடகை பாக்கி வைத்தவர் ஆகிவிடுவீர்கள், பதிவான அக்ரிமென்ட் கையில் இருந்தும் வாதம் வலுவிழக்கும். வாடகையைத் தந்துவிட்டு, சாவி ஒப்படைக்கும் நாளில் மீட்டர் ரீடிங், மெயின்டனன்ஸ் பாக்கி, பிடித்தங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் கணக்குப் பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது அதே சட்டத்தில் இருக்கிறது. "அடுத்த ஆள் வந்ததும் தர்றனுங்க" என்பது அதற்குப் பதில் ஆகாது. ஒரு மாதம் தாண்டினால் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். அதற்கும் அசையாவிட்டால் பதிவு எண், பேங்க் ரசீது, அந்தக் கையெழுத்துத் தாள் ஆகியவற்றோடு, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் மனு.